மெயிலை நாமே அனுப்பலாமா, வெளியே கொடுக்கலாமா? மாசம் ₹12,000 மிச்சம் பிடிக்கப் போன கதை



இந்த வார வீடியோவில் 'நாமே செய்யறதா, வெளியில் வாங்கறதா' என்ற கேள்வியை எடுத்திருந்தேன். அதில் எண்களைக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன். இங்கே நிதானமா உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். இது புத்தகத்திலிருந்து எடுத்த உதாரணம் இல்லை. நானே "சரி, பண்ணுங்க"ன்னு சொல்லி, அப்புறம் தப்புன்னு தெரிஞ்ச கணக்கு.

"நான் மாசச் சம்பளக்காரன். ஒரு ஸ்டார்ட்அப் எப்படி மெயில் அனுப்பினா எனக்கென்ன?" நியாயமான கேள்விதான். ஆனா இதைப் படிக்கிறவங்களில் பல பேர் வேலையில் இருந்துகிட்டே நண்பரோட கம்பெனியில் ரெண்டு லட்சமோ மூணு லட்சமோ போட்டிருக்கீங்க. சில பேர் வேலையை விட்டுட்டு இறங்கலாமான்னு யோசிக்கிறீங்க. அப்படி இறங்கினா முதல் மாசத்திலேயே வர்ற கேள்விகளில் இது ஒண்ணு. இதில் பண்ற தப்பைத்தான் நாம வீட்டுக் கணக்கிலும் பண்றோம்.

₹2,000-க்கும் ₹14,000-க்கும் நடுவில்

கோயம்புத்தூரில் என் காலேஜ் நண்பனும் அவனோட பார்ட்னரும் ஐ.டி. வேலையை விட்டுட்டு ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் கட்டணம் வசூலிக்கிறதுக்கான மென்பொருள். பணம் கட்டினதும் பெற்றோருக்கு ரசீது, கடைசி நாளுக்கு முன்னாடி நினைவூட்டல், லாகின் பண்ண ஓ.டி.பி., எல்லாம் மெயிலில் போகும். மாசம் சுமார் 3 லட்சம் மெயில்.

பேங்கில் ₹21 லட்சம் இருந்தது. மாசச் செலவு ₹3 லட்சம். ரெண்டு ஃபவுண்டருக்கும் சம்பளம் கிடையாது. வருமானம் நின்னு பிடிக்கிற வரைக்கும் 7 மாசம் தாக்குப்பிடிக்கலாம். அந்த ₹21 லட்சத்தில் ₹6 லட்சம், என் நண்பன் பழைய வேலையின் பி.எஃப். பணத்தை எடுத்துப் போட்டது. இது அவன் மனைவிக்குத் தெரியும், அவன் அப்பாவுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கிலிருந்தே அனுப்பிட்டு இருந்தாங்க. அதில் ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு 2,000 மெயில்தான் உச்சவரம்பு. பத்துப் பதினஞ்சு பள்ளி சேர்ந்ததும் அது பத்தல. ஒரு மெயில் சர்வீஸ் கம்பெனியிடம் கொட்டேஷன் கேட்டாங்க. மாசம் ₹14,000 வந்தது.

அவங்க டெவலப்பர் நல்ல திறமைசாலிப் பையன். "எதுக்குங்க சார் ₹14,000? ஒரு வி.பி.எஸ். எடுத்து போஸ்ட்ஃபிக்ஸ் போட்டா மாசம் ₹2,000-ல் முடிஞ்சது"ன்னான். அவன் சொன்னது பொய் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 1998-லிருந்து இருக்கிற மெயில் சர்வர் மென்பொருள், இலவசம், நம்பகமானது.

நண்பன் எனக்குப் போன் பண்ணான். "டேய், நீ ஆடிட்டர், நீயே சொல்லு. மாசம் ₹12,000, வருஷத்துக்கு ₹1,44,000 மிச்சம். பண்ணலாமா?"

நான் கேட்ட ஒரே கேள்வி, "பையனுக்கு இதுக்குன்னு தனியா சம்பளம் கொடுக்கணுமா?" என்பதுதான். இல்லைன்னான். "எப்படியும் கொடுக்கப்போற சம்பளம், முடிவை மாத்தாது. பண்ணு"ன்னு சொல்லிட்டேன். சி.ஏ. இன்டரில் காஸ்டிங் படிச்சவங்களுக்கு இந்த வாதம் தெரியும். எடுத்தாலும் எடுக்காட்டியும் மாறாத செலவை முடிவுக்கான கணக்கில் சேர்க்கக் கூடாது. பாடம் சரிதான். ஆனா அதே பாடத்தில் அடுத்த வரி ஒண்ணு உண்டு, அதை நான் விட்டுட்டேன். கைவசம் இருக்கிற ஆளோ மெஷினோ ஏற்கெனவே முழு வேலையில் இருந்தா, அதை இங்கே திருப்பிவிடறதால் அங்கே நிற்கிற வேலையின் மதிப்பைச் சேர்க்கணும். கம்பெனியில் ஒரே ஒரு டெவலப்பர். அவன் சும்மா உட்கார்ந்திருக்கானா, இல்லையான்னு நான் கேட்கவே இல்லை.

மெயில் அனுப்பறது சுலபம், போய்ச் சேர்றதுதான் கஷ்டம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்னு ஊரில் சொல்வாங்க. மெயில் விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். அனுப்பற சர்வர்தான் சுண்டைக்காய்.

நீங்க அனுப்பின மெயிலை வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது எதிர்ப் பக்கத்து சர்வர். ஜிமெயில், அவுட்லுக், யாஹூ மாதிரி. அது முதலில் பார்க்கிறது உங்க சர்வரின் ஐ.பி. எண்ணை. அந்த எண்ணிலிருந்து இதுவரை என்ன மாதிரி மெயில் வந்திருக்கு? வாடகை வி.பி.எஸ்.-ல் உங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் யாரோ பயன்படுத்தி விட்டுப்போன எண். முன்னாடி இருந்தவர் லாட்டரி மெயில் அனுப்பியிருந்தா, வீடு மாறி வந்தவர் வாசலில் பழைய ஆளோட கடன்காரங்க வந்து நிற்கிற கதைதான். ஸ்பாம்ஹவுஸ் மாதிரி அமைப்புகள் இப்படிப்பட்ட ஐ.பி.களின் பட்டியலை வெளியிடுது. உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் அதைப் பார்த்துக் கதவை மூடும். சில நேரம் உங்க ஒரு எண் மட்டும் இல்லை, பக்கத்து எண்கள் எல்லாத்தையும் சேர்த்து மூடிடுவாங்க.

புது எண்ணே கிடைச்சாலும் முதல் நாளே 10,000 மெயிலைக் கொட்ட முடியாது. சில நூறில் ஆரம்பிச்சு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இதை 'வார்ம்-அப்'னு சொல்வாங்க. இதுக்கும் முன்னாடி இன்னொரு தடை உண்டு. அமேசான், கூகுள் ரெண்டு கிளவுடிலும் மெயில் வெளியே போகிற 25-ஆம் போர்ட்டை இயல்பாவே அடைச்சு வெச்சிருப்பாங்க.

அப்புறம் அடையாளச் சான்றுகள். எஸ்.பி.எஃப். என்றால் உங்க டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்றால் ஒவ்வொரு மெயிலிலும் போடற டிஜிட்டல் கையெழுத்து. ரெண்டும் பொருந்தாத மெயிலை என்ன பண்ணலாம்னு நீங்களே அறிவிக்கிறது டிமார்க். முன்னெல்லாம் இது நல்ல பழக்கம், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்பறவங்களுக்கு இந்த மூணும் இருக்கணும். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகற வசதி இருக்கணும். 'இது ஸ்பாம்'னு அழுத்தறவங்க விகிதம் 0.3%-ஐத் தொடக் கூடாது, 0.1%-க்குக் கீழே இருந்தா நல்லது. மைக்ரோசாஃப்டும் 2025 மே மாசம் இதே வழிக்கு வந்தது.

0.3% என்றால் எவ்வளவுன்னு மனசில் வாங்கிக்கோங்க. 5,000 பேருக்கு அனுப்பினா 15 பேர். கட்டணம் கட்டச் சொல்லி வர்ற மெயிலைப் பார்த்துக் கடுப்பில் ஸ்பாம் பட்டனைத் தட்டற 15 பெற்றோர். அது ஒண்ணும் பெரிய கூட்டம் இல்லை.

ஜூன் மாசம்

ஜனவரியில் சர்வர் போட்டாச்சு. மார்ச் வரை பெரிய பிரச்சினை இல்லை. பள்ளி திறக்கிற ஜூனில் மெயில் எண்ணிக்கை ஒரே வாரத்தில் நாலு மடங்கு ஆச்சு. அந்த வேகத்தைப் பார்த்ததும் ஜிமெயில் பாதி மெயிலை ஸ்பாம் ஃபோல்டருக்குத் தள்ள ஆரம்பிச்சது. அவுட்லுக் கணக்குகளுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்தது. அதே நேரத்தில் எங்க ஐ.பி. இருந்த வரிசையே ஒரு தடைப் பட்டியலில் ஏறியிருந்தது. நாங்க செய்த தப்பு இல்லை, பக்கத்து ஐ.பி.காரர் செய்த வேலை.

ஒரு பள்ளியில் சுமார் 2,400 பெற்றோர். நினைவூட்டல் மெயில் பல பேருக்குப் போய்ச் சேரலை. கடைசி நாள் தாண்டினதும் மென்பொருள் அதுபாட்டுக்கு ஆளுக்கு ₹200 தாமதக் கட்டணம் போட்டுடுச்சு. மறுநாள் பள்ளி அலுவலகத்தில் கூட்டம். "எங்களுக்கு மெயிலே வரலைங்க"ன்னு ஒவ்வொருத்தரும் போனை நீட்டிக் காட்டறாங்க. பள்ளி நிர்வாகம் அபராதத்தை எல்லாம் ரத்து பண்ணிட்டு, அடுத்த வாரம் ஒப்பந்தத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. வருஷத்துக்கு ₹1,80,000. அவங்க மேல் எந்தத் தப்பும் இல்லை.

டெவலப்பர் நாலு நாள் தூங்கலை. தடைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பம், புது ஐ.பி., மறுபடி வார்ம்-அப். அந்த நேரத்தில் அவன் முடிச்சிருக்க வேண்டியது, யு.பி.ஐ.-ல் வந்த பணத்தை மாணவர் கணக்கோட தானாகப் பொருத்தற வசதி. மூணு டியூஷன் சென்டர்கள் அதுக்காகவே காத்திருந்தாங்க. ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு.

நண்பன் என்னைக் குறை சொல்லலை. "நானும்தானே ஓகே சொன்னேன்"னான். அது இன்னும் கஷ்டமா இருந்தது.

சரியாகப் போட்டிருந்தால்

அந்தப் பையனிடம் சர்வர் வேலைக்கு எவ்வளவு நேரம் போச்சுன்னு கேட்டேன். நல்லவேளை, எழுதி வெச்சிருந்தான். அமைக்க 60 மணி நேரம். அப்புறம் மாசத்துக்குச் சராசரியா 15 மணி நேரம்.

அவன் ஒரு மணி நேரத்தின் விலை என்ன? சி.டி.சி. ₹12 லட்சம். சம்பளம் வாங்கற எல்லாரும் இந்தக் கணக்கை ஒரு தடவை உங்களுக்கே போட்டுப் பாருங்க. வருஷத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போச்சு. பண்டிகை விடுமுறை 10, சொந்த லீவு 18 போச்சு. மீதி 233 நாள். ஒரு நாளில் மீட்டிங், டீ, போன் போக உருப்படியா வேலை நடக்கிறது 6 மணி நேரம்னு வைங்க. 1,398 மணி நேரம். ₹12 லட்சத்தை அதால் வகுத்தா மணிக்கு ₹858. லேப்டாப், இடம், இன்சூரன்ஸ், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தா ₹1,000-ன்னு வெச்சுக்கலாம். (பலர் சம்பளத்தை 30-ஆலும் 8-ஆலும் வகுத்து ₹417-ன்னு சொல்வாங்க. அது வேலை செய்யாத நாளையும் சேர்த்துப் போடற கணக்கு.)

இனி முதல் வருஷச் செலவு.

சொந்த சர்வர்: அமைக்க ₹60,000. மாசம் சர்வர் ₹2,000, ஆள் நேரம் ₹15,000, ஆக ₹17,000. பன்னிரண்டு மாசத்துக்கு ₹2,04,000. மொத்தம் ₹2,64,000.

கொட்டேஷன் கொடுத்த கம்பெனி: ₹14,000 பெருக்கல் 12, மொத்தம் ₹1,68,000.

அதாவது ₹1,44,000 மிச்சம்னு நாங்க நினைச்ச இடத்தில் உண்மையில் ₹96,000 அதிகச் செலவு. போன பள்ளியின் ₹1,80,000 இதில் சேரலை. தள்ளிப் போன வசதியும் சேரலை.

"அந்தச் சம்பளம் எப்படியும் போகத்தானே போகுது, மணிக்கு ₹1,000-ன்னு ஏன் சேர்க்கணும்?" நான் அன்னைக்குக் கேட்ட அதே கேள்வி. பதில், அவன் கையில் வேற வேலை இருக்கா இல்லையா என்பதைப் பொறுத்தது. நிஜமாவே வேலை இல்லாம இருந்தா அவன் நேரத்துக்கு விலை பூஜ்யம், சொந்த சர்வர்தான் லாபம். கைநிறைய வேலை இருந்தா குறைந்தபட்ச விலை அவன் சம்பளம். அவன் விட்டுட்டு வந்த வேலையால் வரவேண்டிய வருமானம் அதைவிட அதிகம்னா, அந்த வருமானம்தான் விலை. ஸ்டார்ட்அப்பில் ஒரே டெவலப்பர் சும்மா இருக்கிறதை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு தப்பும் இருந்தது, அது ரொம்பச் சாதாரணமானது. ஒரே ஒரு கொட்டேஷன்தான் வாங்கினோம்.

மெயில் சர்வீஸ்களில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு மார்க்கெட்டிங் வகை. மெயில்சிம்ப் மாதிரி. டெம்ப்ளேட், பிரச்சாரம், யார் திறந்தாங்க என்ற வரைபடம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் உங்க பட்டியலில் எத்தனை முகவரி இருக்கோ அதை வெச்சுக் காசு. இன்னொண்ணு ரசீது, ஓ.டி.பி. மாதிரி தனித்தனி மெயிலை அனுப்பற வகை. அமேசானின் எஸ்.இ.எஸ்., ஸோஹோவின் ஸெப்டோமெயில் எல்லாம் இந்த ரகம். இதில் அனுப்பின எண்ணிக்கைக்கு மட்டும் காசு. எங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. விலை கேட்டது முதல் வகையிடம். கல்யாண மண்டபத்துக்காரரிடம் போய் நாலு பேர் சாப்பாட்டுக்கு விலை கேட்ட மாதிரி.

எஸ்.இ.எஸ்.-ல் 1,000 மெயிலுக்கு 10 சென்ட். 3 லட்சத்துக்கு 30 டாலர். மெயிலோட இணைக்கிற ஃபைலுக்கு ஒரு ஜி.பி.க்கு 12 சென்ட் தனி. ரசீது 1 லட்சம், ஒண்ணு 100 கே.பி.ன்னா 10 ஜி.பி., அதாவது 1.20 டாலர். மொத்தம் 31.20 டாலர். டாலர் ₹90-ன்னு வெச்சா மாசம் ₹2,808, வருஷத்துக்கு ₹33,696. இதுவும் தானா ஓடாது. அமைக்க 20 மணி நேரம், மாசம் 3 மணி நேரம் கண்காணிப்புன்னு வைங்க. ₹20,000 கூட்டல் ₹36,000. ஆகமொத்தம் ₹89,696.

ஒரே வேலைக்கு ₹2,64,000, ₹1,68,000, ₹90,000 என்று மூணு விலை. ₹2,64,000-தான் எங்க கண்ணுக்கு 'மலிவா'த் தெரிஞ்சது. ஏன்னா அதில் பில்லாக வந்தது மாசம் ₹2,000 மட்டும்.

வெளியே கொடுத்தா தலைவலி போயிடுமா?

பாதி போகும். சர்வரும் ஐ.பி.யும் அவங்க பொறுப்பு. யாருக்கு என்ன அனுப்பறீங்க என்பது உங்க பொறுப்பு. காசு கொடுத்து வாங்கின முகவரிப் பட்டியலுக்கு அனுப்பினா எந்த சர்வீஸும் காப்பாத்தாது, முதலில் அவங்களே உங்களை நிறுத்திடுவாங்க. எஸ்.இ.எஸ்.-ல் திரும்பி வர்ற மெயில் 5%-ஐத் தொட்டா கணக்கைப் பரிசீலனையில் வைப்பாங்க, 10% ஆனா அனுப்பறதையே நிறுத்தலாம். புகார் விகிதத்துக்கு அதே மாதிரி 0.1%, 0.5%. புதுக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 200 மெயில்தான், அதுவும் நீங்க சரிபார்த்துக் காட்டின முகவரிகளுக்கு மட்டும். விண்ணப்பிச்சு, என்ன அனுப்பப் போறீங்கன்னு விளக்கம் கொடுத்த பிறகுதான் திறப்பாங்க. நாளைக்கு லாஞ்ச்னு வெச்சுகிட்டு இன்னைக்குப் போய் நிற்காதீங்க.

ஒரு கம்பெனியை நம்பி உட்கார்றதில் இருக்கிற ஆபத்தும் நிஜம். மேண்ட்ரில் என்று டெவலப்பர்கள் விரும்பின சர்வீஸ் ஒண்ணு இருந்தது. 2016-ல் அதைத் தனியாத் தர மாட்டோம், மெயில்சிம்ப்பில் காசு கட்டற கணக்கு இருந்தாத்தான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் அவகாசம். அப்போ சுலபமா வெளியேறினவங்க யாருன்னா, அனுப்பற டொமைனைத் தங்கள் பெயரில் வெச்சிருந்தவங்க. மெயில் உங்க டொமைனிலிருந்து, உங்க டி.கே.ஐ.எம். கையெழுத்தோட போகட்டும். அப்போ நீங்க சேர்த்த நல்ல பெயரில் பெரும்பங்கு உங்களோடயே வரும். விலகினவங்க பட்டியலையும் திரும்பி வந்த முகவரிப் பட்டியலையும் மாசா மாசம் டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க. இது இல்லாம புது சர்வீஸுக்கு மாறினா, 'வேண்டாம்'னு சொன்னவங்களுக்கே மறுபடி மெயில் போகும்.

இதோட, ரசீதும் ஓ.டி.பி.யும் ஒரு சப்-டொமைன், விளம்பரம் வேற சப்-டொமைன். தீபாவளி ஆஃபர் மெயிலால் கிடைக்கிற புகார் ஓ.டி.பி.யைப் பாதிக்கக் கூடாது.

சட்டம் பற்றி ஒரு விஷயம். பெற்றோர் முகவரி, குழந்தை பெயர், கட்டணப் பாக்கி எல்லாம் தனிநபர் தரவு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு உங்களிடம்தான் இருக்கும். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டா அபராத உச்சவரம்பு ₹250 கோடி. சின்னக் கம்பெனிக்கு அவ்வளவு போடுவாங்கன்னு நான் பயமுறுத்தலை. ஆனா "அது வெண்டர் தப்பு சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும்.

பில் யார் பெயரில்?

இது என் ஏரியா, அதனால கொஞ்சம் பிடிவாதமா இருப்பேன்.

நிறைய ஸ்டார்ட்அப்பில் இந்த மாதிரி சர்வீஸுக்கு ஃபவுண்டரோ, முதல் ஊழியரோ தன் சொந்தக் கிரெடிட் கார்டைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருப்பாங்க. பில் அவங்க பெயரில் வரும், கம்பெனி ஜி.எஸ்.டி. எண் இருக்காது. அமேசான் இந்தியக் கம்பெனி மூலம் 18% ஜி.எஸ்.டி. போட்டு பில் கொடுக்குது. ₹2,808-க்கு ₹505. ஜி.எஸ்.டி. எண் இருந்தா அது உள்ளீட்டு வரியாத் திரும்பக் கிடைக்கும், இல்லைன்னா போனது போனதுதான். நீங்க அந்த 'முதல் ஊழியர்'னா, வேலையை விட்டுப் போற அன்னைக்கு இந்தக் கார்டு விஷயம் ரெண்டு பக்கமும் கசப்பை உண்டாக்கும். முதல் நாளே கம்பெனி பெயருக்கு மாத்துங்க.

இந்தியாவில் கம்பெனி இல்லாத வெளிநாட்டு சர்வீஸ்னா பில்லில் ஜி.எஸ்.டி. இருக்காது. "வரி இல்லை, லாபம்"னு நினைச்சுடாதீங்க. ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிற கம்பெனி, ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18%-ஐத் தானே பணமாக் கட்டணும், அப்புறம் உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். கடைசியில் நஷ்டம் இல்லை. ஆனா கட்டாம விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்தா வட்டி சேரும். கார்டில் டாலரில் கட்டினா வங்கி எடுக்கிற மார்க்கப் தனி, பல கார்டுகளில் 3.5% வரை, அதுக்கு மேல் ஜி.எஸ்.டி. வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது டி.டி.எஸ். பிடிக்கணுமா என்ற கேள்வியும் உண்டு. அது ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், உங்க ஆடிட்டரைக் கேளுங்க.

அப்போ சொந்தமா யார்தான் செய்யலாம்?

எஸ்.இ.எஸ். விலை 1,000 மெயிலுக்கு ₹9. சொந்தமா ஒழுங்கா நடத்த அனுபவம் உள்ள ஆள், அவர் லீவில் போனா பார்த்துக்க இன்னொருத்தரின் பாதி நேரம்னு மாசம் ₹1,50,000 வைங்க. சர்வர்கள், ஐ.பி.கள் ₹30,000. ஆக ₹1,80,000. இதை ₹9-ஆல் வகுத்தா 20,000. அதாவது மாசம் 2 கோடி மெயில் அனுப்பினாத்தான் ரெண்டும் சமம். நண்பன் கம்பெனி அனுப்பறது 3 லட்சம். மெயிலே தொழிலா இருக்கிறவங்க, தரவு வெளியே போகவே கூடாதுன்னு கட்டுப்பாடு உள்ளவங்க இந்த எல்லைக்கு முன்னாடியே சொந்தமா செய்யலாம். அது வேற கணக்கு.

2022-ல் பேஸ்கேம்ப் நடத்தற 37சிக்னல்ஸ் கிளவுடை விட்டு வெளியே வர்றோம்னு அறிவிச்சதைச் சில பேர் எனக்கு அனுப்பி, "அவங்களே சொந்த சர்வருக்குப் போறாங்களே"ன்னு கேட்கிறாங்க. அவங்களிடம் பல வருஷ அனுபவம் உள்ள ஆபரேஷன்ஸ் டீம் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கு. உங்களிடம் ஒரு பையன் இருக்கான், அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்.

நண்பன் கம்பெனி ஜூலையில் மாறிட்டாங்க. மாறும்போது பையன் முகம் வாடினது. "என்னால முடியலைன்னு நினைக்கிறீங்களாங்க சார்?"ன்னு கேட்டான். உன் மணி நேரம் ₹1,000, அதை ₹9 வேலைக்குப் போட முடியாதுன்னு இதே தாளைக் காட்டினேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்போ என் சம்பளத்தை மணிக்கு ₹1,000-ன்னு வெச்சே ஏத்திடலாமேங்க சார்"ன்னான். அதுக்கு என்னிடம் பதில் இல்லை.

யு.பி.ஐ. பொருத்தும் வசதி ஆகஸ்ட் கடைசியில் வந்தது. காத்திருந்த மூணு சென்டரில் ரெண்டு சேர்ந்தாங்க, ஒண்ணு வேற இடம் போயிடுச்சு. மெயில் பில் இப்போ ஜி.எஸ்.டி. சேர்த்து மாசம் ₹3,300-ஐ ஒட்டி வருது, கம்பெனி பெயரில், கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணோட.

மேலே போட்ட கணக்கின் எக்செல் ஷீட் லிங்க் வீடியோவுக்குக் கீழே இருக்கு. மஞ்சள் கட்டங்களில் உங்க சி.டி.சி., லீவு நாள், மாச மெயில் எண்ணிக்கை மூணையும் போடுங்க. மீதி தானா வரும்.